விடியப்புறம் வானத்தில் தீப்பந்து கண்டால்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

தீப்பந்து மூன்று நாலு விநாடிதான் எரியும். அதைக் கண்டவர் அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காட்சி தீப்பந்தின் பாதையைக் கணக்கிட உதவும், அல்லது வெறும் கதையாகிப் போகும்.

அநேகர் செய்வது ஒன்றுதான். உடனே போனை எடுத்து வட்ஸ்அப் குழுவில் "கண்டீங்களா?" என்று போடுவார்கள். பத்துப் பேர் பதில் போட்டதும், தன் கண் கண்டது எது, மற்றவர் சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் போகும். வடக்கே போனதைக் கண்டவரும் "ஓம், கிழக்கேதான் போனது" என்பார். ஆகவே குழு கொஞ்சம் காத்திருக்கட்டும். தேவையானவை ஒரு போன், ஒரு பேனை, கொப்பியில் ஒரு ஒற்றை, உங்கள் கை. பெரிய செலவு எதுவும் இல்லை.

விடிவெள்ளியைவிடப் பிரகாசமாக எரிகிற எரிமீனை, அதாவது எரிநட்சத்திரத்தைத்தான் தீப்பந்து என்கிறோம். நடுச்சாமத்துக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடுகிற திசைக்கு முகம் கொடுக்கிறது. மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு நெஞ்சுப் பக்கம் அதிகம் நனைவதுபோல, விடியப்புறத்தில் எரிமீன்களும் அதிகம், அவற்றின் வேகமும் அதிகம். கடலுக்குப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போகிறவரும் வெளியே நிற்கிற நேரமும் அதுதான்.

1. முதல் ஐந்து நிமிடம்: கண்ணாடியை விட்டு விலகுங்கள்

நிலம் பகல்போல வெளிச்சமாகும் அளவுக்கு எரிந்தால் யன்னலுக்கு ஓட வேண்டாம். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் ஏறக்குறைய 1500 பேர் காயப்பட்டார்கள். கல் விழுந்து அடிபட்டவர்கள் அல்ல அவர்கள். வெளிச்சத்தைக் கண்டு யன்னலடிக்குப் போனவர்கள் பலர். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்து முகத்தில் அடித்தது. அது சுமார் 20 மீற்றர் அகலமான பாறை, அப்படி ஒன்று வருவது மிக அரிது. ஆனால் எது பெரியது, எது சிறியது என்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது. வெளியே நின்றால் வெளியே நில்லுங்கள். உள்ளே நின்றால் கண்ணாடி இல்லாத பக்கத்துச் சுவரோடு நில்லுங்கள்.

காத்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்தலாம். வெளிச்சம் அணைந்தவுடன் போனில் வீடியோவை ஓடவிட்டு நிலத்தில் வையுங்கள். படம் கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்குத் தேவை சத்தம். குண்டு வெடித்ததுபோலவோ தூரத்து இடிபோலவோ ஒரு முழக்கம் கேட்டால், வீடியோ தொடங்கி எத்தனையாவது விநாடியில் என்பது பதிவாகிவிடும். ஒலி வந்து சேரும் தூரத்தை நிமிடத்துக்கு 18 முதல் 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை நிமிடத்தில் கேட்டால் அது உடைந்த இடம் உங்களிடமிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். சத்தமே கேட்காவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான், "கேட்கவில்லை" என்று எழுதுங்கள்.

வானத்தில் புகைபோல ஒரு கோடு தங்கினால் அதைப் படமெடுங்கள். விடியப்போகிற நேரத்தில் நமக்கு இருட்டாக இருந்தாலும் உயரத்தில் வெயில் பட்டுவிடும், அந்தக் கோடு வெள்ளியாக மின்னிக்கொண்டு பல நிமிடம் வளைந்து நெளிந்து நிற்கும். சூம் பண்ணாதீர்கள். தென்னை மரமோ தொலைபேசிக் கோபுரமோ கூரை முனையோ படத்துக்குள் விழுகிறமாதிரி, போனை மதிலில் சாய்த்து வைத்து அரை நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள். அந்த மரமும் கோபுரமும் இல்லாத படத்திலிருந்து திசையைக் கணக்கிட முடியாது.

2. நின்ற இடத்தைக் குறியுங்கள்

செருப்பைக் கழற்றி நின்ற இடத்திலேயே விடுங்கள். மணலில் ஒரு கம்பு, முற்றத்தில் ஒரு செங்கல், எதுவானாலும் சரி. முற்றத்தில் ஐந்து அடி தள்ளி நின்று பார்த்தால், தென்னங்குருத்துக்கு வலப்பக்கம் கண்டது இடப்பக்கமாகிவிடும். பிறகு கூகுள் வரைபடத்தில் அந்தப் புள்ளியை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். மட்டக்களப்பு நகர் என்றால் ஏறக்குறைய 7.7, 81.7 என்று தொடங்கும். தசமத்துக்குப் பின் நாலு இலக்கம் வரை எழுதுங்கள். "கல்லாறு" என்று ஊர்ப்பெயர் மட்டும் எழுதினால் போதாது. பெரிய கல்லாறா, கோட்டைக் கல்லாறா, அதில் எந்தப் பக்கம் என்று பிறகு யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

3. நேரம்

போன் தானாக நேரம் எடுக்கிற அமைப்பில் இருந்தால் அதன் நேரத்தை நம்பலாம். சுவர் மணிக்கூட்டையும் மோட்டார் சைக்கிள் மீற்றரையும் நம்ப வேண்டாம். உடனே பார்க்காமல் விட்டால், தெரிந்த ஒன்றோடு கட்டுங்கள்: பாங்கு சொல்லத் தொடங்கியபோதா, முடிந்த பிறகா, கோயில் மணி அடித்தபோதா, போனில் கடைசியாக வந்த அழைப்புக்கு எத்தனை நிமிடம் கழித்து. அழைப்புப் பட்டியலில் நேரம் இருக்கும். "4.52, ஒரு நிமிடம் முன்பின்" என்று பிழை அளவையும் சேர்த்து எழுதுங்கள். நேர்மையான "ஐந்து நிமிடம் முன்பின்" என்பது பொய்யான "4.52.17"ஐவிடப் பெறுமதி.

எரிந்த கால அளவையும் எழுத வேண்டும். ஆட்கள் இதைக் கூட்டித்தான் சொல்வார்கள். மூன்று விநாடி பத்தாகிவிடும். கண்டதை மனதில் ஒருதரம் ஓடவிட்டு, "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டுப் பதிவுகள் சர்வதேச நேரத்தில் இருக்கும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் குறைவு. விடிய 5.30க்கு முன் நடந்தால் திகதியும் ஒரு நாள் பின்னால் போகும். சனிக்கிழமை காலை 4.50 என்பது அங்கே வெள்ளிக்கிழமை 23.20. திகதி மாறியதாலேயே ஒரே தீப்பந்து இரண்டு நிகழ்வாகப் பதியப்படக்கூடும்.

4. திசையும் உயரமும்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான், ஆகக் கூடுதலாகப் பிழைப்பதும் இதுதான். "எழுவான் பக்கம் இருந்து படுவான் பக்கம் போனது" என்றால் ஊருக்கு விளங்கும், கணக்குக்குக் காணாது. இரண்டு புள்ளிகள் வேண்டும்: முதலில் கண்ணில் பட்ட இடம், அணைந்த இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று.

செருப்பு இருக்கிற இடத்தில் நின்று, கை நீட்டி, முதலில் கண்ட இடத்தைக் காட்டுங்கள். அந்தக் கைக்கு நேரே கீழே அசையாத பொருள் ஒன்றைப் பிடியுங்கள்: லைட் போஸ்ட், மினாரா, தண்ணீர்த் தாங்கி, தென்னை. அணைந்த இடத்துக்கும் அப்படியே. இவற்றை எழுதிவிட்டால் போதும். அளவை விடிந்த பிறகு ஆறுதலாக எடுக்கலாம்.

திசைக்குப் போனிலுள்ள திசைகாட்டி காணும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. அளக்கும் முன் போனை எட்டு எழுதுகிறமாதிரி காற்றில் சில தடவை சுழற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கேற்றடியில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அளந்தால் முள் இழுபடும். காந்தம் வைத்த போன் கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கூகுள் வரைபடத்தில் தெரிகிற தெருவோடு ஒப்பிடலாம். பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடம் மாற்றி மறுபடி.

உயரத்துக்குக் கை முட்டி. கையை முழுக்க நீட்டி, பெருவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து முட்டிக்கு மேல் முட்டி அடுக்கிக்கொண்டு போங்கள். உச்சிக்கு ஒன்பது முட்டி வர வேண்டும். உங்களுக்கு எட்டோ பத்தோ வந்தால் அதன்படி பிரித்துக்கொள்ளலாம். சின்னவிரலின் அகலம் ஒரு பாகை. கடற்கரையில் கடல்கோடுதான் பூச்சியம். வளவுக்குள் நின்றால் மதிலும் கூரையும் அடிவானத்தை மறைக்கும். அப்போது உங்கள் கண்மட்டமே பூச்சியம், மதிலின் உச்சி அல்ல.

கல்லடிக் கரையில் நின்று கண்ட ஒருவர் எழுதியது இப்படி இருந்தால் போதும்: "தொடக்கம்: லைட் போஸ்டுக்கு நேரே மேலே, திசை 40, ஐந்து முட்டி. முடிவு: வலப்பக்கம், வள்ளத்தின் அணியத்துக்கு மேல், திசை 110, ஒன்றரை முட்டி. இடமிருந்து வலம், சரிந்து இறங்கியது." இந்த நாலு வரி ஒரு பக்கக் கதையைவிடப் பெறுமதி. ஒன்று கவனியுங்கள்: வள்ளத்தைக் கரையேற்றி இழுத்துவிட்டால் குறி போய்விடும். அது நகர முதல் அளந்துவிடுங்கள்.

மனிதக் கண் உயரத்தைக் கூட்டித்தான் காட்டும். முப்பது பாகையில் கண்டதை "பாதி வானம்" என்பார்கள். அறுபதில் கண்டதை "உச்சிக்கு மேல்" என்பார்கள். அதனால்தான் முட்டி வைத்து எண்ணச் சொல்வது.

"ஆத்துக்கு அங்கால விழுந்தது", "அந்தப் பனைக்குப் பின்னால விழுந்தது" என்பது எப்போதும் தோற்றமயக்கம். கல் போடுகிற தீப்பந்துகூட நிலத்திலிருந்து இருபது முப்பது கிலோமீற்றர் உயரத்தில் அணைந்துவிடும். முப்பது கிலோமீற்றர் உயரத்தில் அணைந்தது உங்களுக்கு ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால் அது ஏறக்குறைய 170 கிலோமீற்றருக்கு அப்பால். மட்டக்களப்பிலிருந்து மேற்கே அந்தத் தூரம் குருணாகலையையும் தாண்டும். கிழக்கே என்றால் முழுக்கக் கடல். இரண்டு முட்டி என்றால் 80 கிலோமீற்றர், மேற்கே கொஞ்சம் வடக்காகப் பார்த்தால் பொலன்னறுவைப் பக்கம். நாலரை முட்டியில் அணைந்தால்தான் முப்பது கிலோமீற்றர், அதாவது நம் படுவான்கரைக் காடுகள்.

5. பிரகாசம், நிறம், உடைவு

பிரகாசத்தை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். விடிவெள்ளி அளவா (−4), பாதி நிலவு அளவா (−10), முழுநிலவு அளவா (−12.7)? அடைப்புக்குள் இருப்பது வானியலாளர் பிரகாசத்துக்குக் கொடுக்கிற எண், கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகப் பிரகாசமும் கூடும். உங்கள் நிழல் நிலத்தில் விழுந்ததா? நிழல் விழுந்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் சுழன்றது? வானத்தையே பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம்கூட இந்தத் தகவலை எடுக்கலாம்.

நிறம் ஒரு சொல்லில். எத்தனை துண்டாக உடைந்தது, கடைசியில் பளிச்சென்று ஒரு வெடிப்பு இருந்ததா, கோடு எத்தனை விநாடி தங்கியது. பறக்கும்போதே "சீ" என்று சீறல் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். பிந்தி வந்த முழக்கத்தோடு அதைக் கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

6. அது தீப்பந்துதானா?

நம் கரையில் ஆட்களை ஏமாற்றுவது பெரும்பாலும் ரொக்கட். இந்தியாவின் ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளம் மட்டக்களப்பிலிருந்து எழுநூறு கிலோமீற்றருக்குள்தான். அங்கிருந்து தெற்கு நோக்கிப் போகிறவை வங்கக் கடலுக்கு மேல் நமக்குத் தெரியும். விடியப்போகிற நேரமென்றால் புகையில் வெயில் பட்டு, நுங்குமாதிரி விரிந்த ஒளி வடக்கு, வடகிழக்கில் எழும்பி மெல்ல நகரும். நிமிடக்கணக்கில் தெரிந்தால் அது தீப்பந்து அல்ல. இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் ஏவுதல் நேரத்தைத் தேடிப் பார்த்தால் முடிந்தது வேலை.

பல துண்டுகள் வரிசையாக, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகப் போனால் அது பெரும்பாலும் விண்வெளிக் குப்பை. 2015 நவம்பர் 13 அன்று இலங்கைக்குத் தெற்கே கடலுக்கு மேல் அப்படி ஒன்று எரிந்தது, வரும் நேரம்கூட முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது. எரியாமல், ஒரே அளவு வெளிச்சத்தோடு மணி கோத்ததுபோல வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகள். கடலுக்கு மேல் சிவப்பாக எழும்பித் தொங்கி மெல்ல இறங்கினால் படகு எறிந்த ஆபத்து வெளிச்சமாக இருக்கலாம். அதை வேடிக்கை பார்க்காமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

7. சிசிரிவியைப் பிடியுங்கள்: அன்றே, பிந்தினால் ஒரு வாரத்துக்குள்

கண்சாட்சி பத்துப் பேரைவிட ஒழுங்காக எடுக்கப்பட்ட ஒரு கமராப் பதிவு பெறுமதி. ஆனால் பதிவுப்பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையது தானாக அழியும். கமரா எண்ணிக்கையையும் டிஸ்க் அளவையும் பொறுத்து ஒரு கிழமையும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஒரு கிழமை என்று வைத்தே வேலை பாருங்கள்.

பெற்றோல் செட், அரிசி ஆலை, பல்பொருள் கடை, பாசிக்குடா, அறுகம்குடாப் பக்க விடுதிகள், கோயில், பள்ளிவாசல், இரவில் ஓடுகிற லொறி, பஸ்ஸில் முன்கண்ணாடிக் கமரா. வங்கியில் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம். மேலிடத்து அனுமதி, பொலிஸ் கடிதம் என்று போகும், அதற்குள் பதிவு அழிந்துவிடும். வானம் தெரியாத கமராவையும் விடாதீர்கள். லைட் போஸ்டின் நிழல் முற்றத்தில் சுழல்வது தெரிந்தால் அதிலிருந்தே பாதையைக் கணக்கிடலாம். செல்யாபின்ஸ்க்கில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

உரிமையாளரிடம் போகும்போது கேட்க வேண்டியது முழு இரவுப் பதிவு அல்ல. தீப்பந்துக்கு ஒரு நிமிடம் முன், ஐந்து நிமிடம் பின், அவ்வளவுதான். அப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. வேலை ஒழுங்கு இது:

முதலில் பதிவுப்பெட்டியின் திரையில் ஓடுகிற மணிக்கூட்டையும் உங்கள் போன் மணிக்கூட்டையும் ஒரே படத்தில் வருகிறமாதிரி எடுங்கள். அநேகப் பெட்டிகளின் நேரம் நிமிடக்கணக்கில் பிழை; சிலதில் திகதியே பிழை. வித்தியாசம் தெரிந்தால் போதும், நேரத்தைத் திருத்த விடாதீர்கள். திருத்திவிட்டால் அந்த வித்தியாசம் தொலைந்துபோகும்.

பிறகு பென்டிரைவ். பல பெட்டிகள் ஃபாட்32 (FAT32) முறையில் ஃபோமற் செய்து அமைத்ததை மட்டும்தான் ஏற்கும். வீட்டிலிருந்தே அப்படி அமைத்துக் கொண்டுபோங்கள். "பேக்கப்" பகுதியில் கமரா இலக்கத்தையும் நேரத்தையும் கொடுத்து மூலக் கோப்பை எடுங்கள், அதோடு வருகிற பிளேயரையும் சேர்த்து. கடவுச்சொல் தெரியாது என்றால் கமரா பூட்டியவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கேட்கிற வரவுக்கூலிதான் இந்த முழு வேலையிலும் உங்களுக்கு வரக்கூடிய பெரிய செலவு. அவர் வரும்வரை திரையைப் போனால் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாததற்கு அது மேல்.

கோப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிப்போகும். "டொகியுமென்ட்" ஆக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். பக்கத்து வீட்டு முற்றம், ஆட்களின் முகம் தெரிகிற பதிவை முகநூலில் போட வேண்டாம். பிறகு அந்த உரிமையாளர் யாருக்கும் தரமாட்டார்.

கடைசியாக, மேகமில்லாத ஒரு இரவில் அதே கமராவின் பதிவு ஒன்று. அதில் நிலவோ பிரகாசமான வெள்ளியோ தெரிந்தால் கமரா எந்தத் திசையை, எந்த உயரத்தைப் பார்க்கிறது என்று ஆய்வாளர் கண்டுபிடிப்பார்.

8. அறிக்கை கொடுப்பது

உலகம் முழுவதற்கும் பொதுவான இடம் சர்வதேச எரிமீன் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் இணையப் படிவம். கட்டணம் இல்லை, அடையாள அட்டை தேவையில்லை. பெயரும் மின்னஞ்சலும் போதும். மேலே எழுதி வைத்த இடம், நேரம், இரு திசை, இரு உயரம், கால அளவு, பிரகாசம், நிறம், சத்தம் ஆகியவற்றைத்தான் வரிசையாகக் கேட்கும். ஒற்றையைப் பக்கத்தில் வைத்து நிரப்பினால் பதினைந்து நிமிடம். ஒற்றை இல்லாமல் உட்கார்ந்தால் அங்கேதான் ஆட்கள் ஊகத்தில் எண் போடுவது.

தெரியாத கேள்வியை வெறுமையாக விடலாம். வீட்டில் நாலு பேர் கண்டால் நாலு அறிக்கை, ஒவ்வொருவரும் தனித்தனியாக. ஒருவர் நிரப்பியதைப் பார்த்து மற்றவர் நிரப்பக்கூடாது.

இலங்கைக்குள் மொரட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். வானியல் பிரிவு அங்கே இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம், மூலக் கோப்பின் இணைப்பு, மணிக்கூட்டுப் படம், வரைபடப் புள்ளி. நேரில் போக வேண்டியதில்லை, முன்னறிவிக்காமல் பஸ் ஏறிப் போவது வீண் செலவு. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையிலும் கேட்டுப் பார்க்கலாம், கிட்ட இருக்கிறது.

9. மற்றவர்களிடம் கேட்கும்போது

ஒரே இடத்தில் நின்ற இருபது பேரைவிட, தூரத்தூர நின்ற மூன்று பேர் போதும். வாகரைக்கும் பொத்துவிலுக்கும் நேர்கோட்டில் 140 கிலோமீற்றருக்கு மேல், அது நல்ல இடைவெளி. ஆனால் நம் ஊர்கள் எல்லாம் கரையோடு வடக்கு தெற்காக ஒரே கோட்டில் இருக்கின்றன. தீப்பந்தும் கரைக்கு மேலாலேயே வடக்கு தெற்காக ஓடினால் கணக்கு ஒன்றுக்கொன்று வெட்டாது. அம்பாறை நகர், மகாஓயா, பொலன்னறுவை, பதுளை என்று உள்ளே ஒருவரையாவது பிடியுங்கள். சொந்தக்காரர், கூட வேலை செய்தவர், யாராவது இருப்பார்கள்.

"பொத்துவில் பக்கமாத்தானே போனது?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "நின்ற இடத்தில நின்று கையால காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர் காட்டுவதை முதுகுப் பக்கமிருந்து ஒரு படமும், அதே இடத்தில் திசைகாட்டித் திரையை ஒரு படமும் எடுங்கள். வயதானவர்களும் மீனவர்களும் திசையில் பிழைவிடுவது குறைவு. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் பார்த்துத் தொழில் செய்தவர்கள்.

10. கல் விழுந்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. ஓகஸ்ட் 12, 13 இல் பேர்சியிட், டிசம்பர் 13, 14 இல் ஜெமினிட், மே 5, 6 இல் ஈற்றா அக்குவாரியிட் என்று வருடாவருடம் வருகிற எரிமீன் மழைகளிலிருந்து கல் கிடைத்ததாக உறுதியான பதிவே இல்லை. மெதுவாக, மூன்று விநாடிக்கு மேல், தாழ வந்து அணைந்து, சில நிமிடத்தில் முழக்கமும் கேட்டால்தான் தேடுவதில் அர்த்தம் உண்டு. அதுவும் பாதையைக் கணக்கிட்டு ஒருவர் இடம் சொன்ன பிறகு. அணைந்த பிறகு கல் இருட்டில் காற்றோடு இழுபட்டுப் பல கிலோமீற்றர் தள்ளித்தான் விழும்.

எரிந்த வைக்கோல் போர், கருகிய பனை, புகைகிற குழி ஆகியவற்றைத் தேடிப் போகாதீர்கள். கடைசி நிமிடங்களில் கல் குளிர்ந்த காற்றினூடாக விழுகிறது. கையில் எடுத்தால் சுடாது, நெருப்பும் பற்றாது. வைக்கோல் எரிந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

வாகரை, கிரான், குடும்பிமலைப் பக்கக் காடுகளில் தெரியாத உலோகப் பொருள் ஒன்று கிடந்தால் அது வானத்திலிருந்து வந்தது என்று நினைத்துக் கிட்டப் போகாதீர்கள். வெடிக்காத குண்டு கிடக்கக்கூடிய மண் இது. தொடாமல் 119. செய்மதிச் சிதிலமாக இருந்தாலும் நச்சு எரிபொருள் மிஞ்சியிருக்கலாம், ஆகவே அதற்கும் அதே விதிதான். விடியப்புறமும் அந்தியிலும் யானை வரும் வயல் ஓரங்களில் தேடுவது வேண்டாம், எட்டு மணிக்குப் பிறகு போங்கள். வயற்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெரும்போக வயல் தண்ணீரோடு நிற்கும் காலத்தில் கல் சேற்றுக்குள் போய்விடும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயலும், ஆவணிக்குப் பிறகான சிறுபோக வயலும் தேட நல்ல நிலம். ஆனால் ஐப்பசி மழைக்கு முன் எடுக்க வேண்டும். விண்கல்லில் இரும்பு இருப்பதால் ஈரத்தில் துருப்பிடிக்கும்.

11. கல் கிடைத்துவிட்டால்

எடுக்கும் முன் கிடந்தபடியே படம், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. வரைபடப் புள்ளி. பிறகு சுத்தமான பொலித்தீன் பைக்குள் கையை விட்டு, அந்தப் பையாலேயே பிடித்து எடுங்கள். கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், உடைக்காதீர்கள். திருநீறு, குங்குமம் வைக்க வீட்டில் ஆசைப்படுவார்கள். ஆய்வு முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

புதிதாக விழுந்த கல்லின் தோல் மெல்லிய கறுப்பு, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. முனை உடைந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும், உலோகப் பொட்டுகள் மினுங்கும். மாவில் விரல் வைத்து அழுத்தியதுபோன்ற குழிகள் இருக்கலாம். அதே அளவு கருங்கல்லைவிடப் பாரம். உள்ளே குமிழித் துளை இருந்தால் அது கொல்லன் பட்டறை இரும்புக் கசடு, விட்டுவிடலாம். சூளைக் கட்டியும் தார்க்கட்டியும் ஆட்களை ஏமாற்றுகிற மற்ற இரண்டு. சுவரில் பதிக்கிற டைலின் வழவழப்பில்லாத பின்பக்கத்தில் உரசிச் செங்கோடு விழுந்தால் அது பூமியின் இரும்புக் கல்தான். சந்தேகமுள்ள மற்றக் கற்களில் இந்தச் சோதனையைச் செய்யலாம், உண்மையானது என்று நினைக்கிற துண்டில் வேண்டாம். காந்தச் சோதனையும் அப்படியே: பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கல்லில் ஒட்டினால் அதிலுள்ள பழைய காந்தப் பதிவு அழியும். நூலில் ஒரு சின்னக் காந்தத்தைத் தொங்கவிட்டு, கல்லில் முட்டாமல் கிட்டக் கொண்டுபோய் இழுபடுகிறதா என்று பாருங்கள், அவ்வளவு போதும்.

தீப்பந்து கண்ட அதே கிழமையில் கிடைத்த கறுப்புக் கல் எல்லாம் விண்கல் அல்ல. 2012 டிசம்பர் 29 பொலன்னறுவைத் தீப்பந்துக்குப் பிறகு அரலகங்வில வயல்களில் எடுத்த கற்களில் வேற்றுலக உயிரின் சுவடு இருக்கிறது என்று பெரிய உரிமைகோரல்கள் வந்தன. விண்கல் ஆய்வாளர்கள் பலர் அவை பூமியின் கற்கள் என்றே மறுத்தார்கள்.

ஆய்வுக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், அல்லது பல்கலைக்கழகப் புவியியல் துறை. முதலில் படங்களை அனுப்பிக் கேளுங்கள். கல்லைக் கொடுக்கும்போது நிறை, படம், திகதி, பெற்றவரின் பெயர், கையொப்பம் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் அடையாள அட்டைப் பிரதி, காணிக்காரரின் இரண்டு வரிக் கடிதம், கிடந்த இடத்தின் படம் ஆகியவற்றை ஒரு கோவையில் வைத்திருங்கள். விண்கற்களின் உலகப் பட்டியலில் பெயர் பதிய 20 கிராம், அல்லது மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது, ஆய்வகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். முழுதையும் கேட்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். கனிமங்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப அந்தப் பணியகத்தின் அனுமதி வேண்டும், ஆகவே யாரோ கேட்டார் என்று தபாலில் வெளிநாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

செய்தி பரவிய இரண்டாம் நாளே "கிராம் இவ்வளவு லட்சம்" என்று போன் வரும். கல்லைக் காணாமலே விலை சொல்பவர், அடுத்த அழைப்பில் "சான்றிதழ் எடுக்க முதல் கொஞ்சம் காசு போடுங்க" என்பார். அந்த இலக்கத்தைத் தடைசெய்துவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.